குடி போகும் கடல்தொட்டி

அன்புள்ள மடிப்பாக்கம் வாசகருக்கு,

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிறுசேரியில் வாங்கிய பதினோராம் மாடி ஃபிளாட்டுக்கு வைகாசியில் குடி போகிறீர்கள். முதலில் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தில் புது வீட்டைப் பற்றி நான்கே வரி, மற்றதெல்லாம் கடல்தொட்டியைப் பற்றி. இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், கவலைப்படாதீர்கள்.

பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீனும் பவளமும் உள்ளே இருக்க, ஆறு பேராகத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 450 லிட்டருக்குச் சற்று மேல். பாதி நீரே 230 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி தனியாக 90 கிலோவை ஒட்டி வரும். அதற்கு மேல் கல், மணல். ஆள் கூட்டிக் கனத்தைச் சமாளித்துவிடலாம், முறுக்கைச் சமாளிக்க முடியாது. தூக்கும்போது ஒரு மூலை அரை அங்குலம் உயர்ந்தாலும் உள்ளே இருக்கும் நீர் ஒரு பக்கம் சாய்ந்து சிலிக்கான் ஒட்டுகளை இழுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போது தெரியும். ஆகவே கண்ணாடி காலியாகத்தான் போக வேண்டும், அடியில் ஒரு பிடி மணல்கூட இல்லாமல்.

அடுத்து, "பழைய தண்ணீரில்தான் பாக்டீரியா இருக்கிறது, ஒரு சொட்டு விடாமல் கொண்டுபோ" என்று உங்கள் நண்பர் சொன்னாராம். இந்தப் பேச்சு கடைகளிலும் உண்டு. நீரில் மிதக்கும் பாக்டீரியா சொற்பம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கூட்டம் கல்லின் துளைகளிலும், மணலின் மேல்பரப்பிலும், சம்ப்பில் நீங்கள் போட்டிருக்கும் செராமிக் வளையங்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. முழுத் தண்ணீரையும் புதிதாக மாற்றினாலும், உப்பும் சூடும் காரத்தன்மையும் பழைய அளவில் இருந்தால் தொட்டி பிழைத்துக்கொள்ளும். கல்லை ஒரு மத்தியானம் வெயிலில் காயவிட்டால் பிழைக்காது. பாதிப் பழைய தண்ணீரைக் கொண்டுபோகச் சொல்கிறேன் என்றால், அது பவளங்களுக்கு மாற்றம் சட்டென்று உறைக்காமல் இருக்கத்தான்.

இந்தக் கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு மாற்றும்போது பெரும்பாலும் மோசம்போவது இதில்தான். மீனுக்கு ஏர் பம்ப் வைப்பார்கள், கல்லை மூடி போட்ட டிரம்மில் அடைத்துவிடுவார்கள். கல் மூச்சு விடுகிறது. பாக்டீரியா, தூரிகைப் புழுக்கள், குட்டி இறால் வகைகள், கடற்பஞ்சுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அசையாத நீரில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனை அவை சீக்கிரமே தீர்த்துவிடும். கடல்நீர் 27 டிகிரியில் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், சூடு ஏற ஏற அதுவும் குறையும். மே மாதத்தில் ஒரு வண்டிக்குள் மூடிய டிரம் என்ன சூட்டில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் உள்ளே சாவு விழத் தொடங்கும், செத்தது அம்மோனியாவாகும், அந்தக் கல்லை நீங்களே உங்கள் கையால் புதுத் தொட்டிக்குள் வைப்பீர்கள். வளையங்களுக்கும் இதே விதிதான். அவற்றை ஃபில்டர் டப்பாவிலேயே நீரோட்டம் இல்லாமல் விட்டுவைக்காதீர்கள், வலைப்பையில் கட்டிக் கல்லோடு சேர்த்துப் போடுங்கள்.

கடற்பஞ்சு ஒட்டியிருக்கும் கற்களை மட்டும் நீருக்கு மேலே தூக்கவே கூடாது. காற்று அதன் நுண்ணிய குழாய்களுக்குள் புகுந்துவிட்டால் வெளியே வராது, அந்தப் பகுதி அழுகிப்போகும். தொட்டிக்குள்ளேயே ஒரு டப்பாவை மூழ்கடித்து, கல்லை அதற்குள் நகர்த்தி, நீரோடு எடுங்கள். லெதர் கோரலைத் தூக்கலாம். சுருங்கி, பாதி அளவாகி, கோழை கோழையாக வடியும், வாடையும் வரும். பயப்படாதீர்கள், அது அப்படித்தான். ஆனால் அதை வேறு பவளங்களோடு ஒரே வாளியில் போடாதீர்கள்.

மணல் விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். சில வருடம் ஆன மணற்படுகையின் அடியில் அழுக்கும், ஆக்சிஜன் இல்லாத இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் அடியில் கறுப்புத் திட்டாகத் தெரிகிறதே, அதுதான். கிளறினால் அழுகிய முட்டை வாசம் அடிக்கும். மேலே இரண்டு கப் வழித்து எடுத்துக்கொண்டு மீதியைக் கைகழுவிவிடுங்கள். புதிய அரகோனைட் மணல் வாங்கி, தண்ணீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள். இந்தச் செலவில் கை இறுக்கிப் பயனில்லை.

இனித் தேதி. பால் காய்ச்சும் நாளிலேயே தொட்டியையும் கொண்டுபோய்விட வேண்டும் என்பது உங்கள் திட்டம். வேண்டாம். வைகாசி முகூர்த்தங்களில் பாதி அக்கினி நட்சத்திரத்துக்குள் வரும். அதைவிட முக்கியமான காரணம் கணபதி ஹோமம். உங்கள் ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சி நீருக்குள் நுரையாகச் செலுத்துகிற கருவி. ஹோமப் புகை, புதுப் பெயின்ட், மரவேலையின் வார்னிஷ், குடி போவதற்கு முன் அடித்த கரப்பான் மருந்து, எல்லாமே அதன் வழியாக உள்ளே போகும். பூச்சி மருந்துக்குக் கரப்பானுக்கும் இறாலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே முதலில் நீங்கள் குடி போங்கள், ஜன்னல்களைத் திறந்து வைத்து ஒரு வாரம் குடித்தனம் நடத்துங்கள், பிறகு தொட்டி வரட்டும். பழைய வீட்டுக்குக் கூடுதலாக அரை மாத வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். கூடவே மின்சார இணைப்பும், ஒரு அறையில் ஏசியும் அதுவரை இருக்கட்டும்.

ஏனென்றால், இதை ஒரே நாளில் முடிக்கச் சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் தொட்டியைக் கலையுங்கள். ஏசி அறையில் பெரிய நீல டிரம் இரண்டு, உணவுப்பொருள் வைக்கும் தரத்தில், புதிதாக இருக்க வேண்டும். பெயின்ட் பக்கெட்டும் ஃபினாயில் புழங்கிய வாளியும் எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. ஒன்றில் கற்களும் பவளங்களும், மற்றதில் மீன்கள். கல் டிரம்மில் வேவ்மேக்கர் ஓடட்டும், மீன் டிரம்மில் ஏர் பம்ப் போதும். அன்று இரவு அவை பழைய வீட்டிலேயே தங்கட்டும், அறைச் சூடு 26 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் கோடையில் கடற்சூடு 30 டிகிரியைத் தாண்டும்போதுதான் பவளங்கள் தமக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. 2010-இலும் 2016-இலும் அது பெரிய அளவில் நடந்தது. டிரம்முக்கும் அதே நியாயம்தான்.

காலிக் கண்ணாடி அன்று பகலிலேயே புது வீட்டுக்குப் போகட்டும். குட்டியானை போதும். அடியில் மெத்தை, நிமிர்ந்த நிலை, மேல் விளிம்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. சர்வீஸ் லிஃப்டின் உள்ளளவை முன்கூட்டியே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஸ்டாண்டுக்கும் சேர்த்து. அசோசியேஷன்காரர்கள் சாமான் ஏற்ற இறக்கப் பகல் நேரம்தான் கொடுப்பார்கள். இந்த இரண்டு நாள் திட்டத்தில் அதுவும் ஒத்துவருகிறது, கண்ணாடியும் ஸ்டாண்டும்தான் 'சாமான்'. மறுநாள் விடிகாலை தெர்மாகோல் பெட்டிகளோடு காரில் போய் இறங்கினால் செக்யூரிட்டி கேள்வி கேட்க மாட்டார்.

வந்து சேர்ந்த தொட்டியை அன்றே ஸ்டாண்டில் ஏற்றி, ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பார்த்து, புது மணலும் 250 லிட்டர் புதுக் கடல்நீரும் ஊற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். அந்த நீரை முந்தின நாளே கலக்கி வைத்திருக்க வேண்டும், லிட்டருக்கு 36 கிராம் கணக்கில் 9 கிலோ உப்பு. ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டட்டும். காரத்தன்மையையும் பழைய தொட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணல் கலங்கல் காலைக்குள் அடங்கிவிடும். பிறகு கற்கள், அவற்றின் மேல் பழைய நீர், கடைசியில் மீன்.

தண்ணீர் எங்கே பிடிப்பது? புது ஃபிளாட்டில் மாட்டியிருக்கும் சமையலறை ஆர்.ஓ. இதற்கு ஆகாது. குடிப்பதற்கு ருசி வேண்டும் என்று அதில் தாதுக்களைத் திரும்பக் கலப்பார்கள். கேன் தண்ணீரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீங்கள் இப்போது வைத்திருக்கும் டி.ஐ. ரெசின் உள்ள யூனிட்டையே முதலில் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டுங்கள். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் உப்புப் பையைப் பிரிக்க வேண்டும்.

கலைக்கிற நாள் வேலையில் இரண்டை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

ஒன்று, அனிமோன். அதன் பாதம் கல்லிடுக்கில் உறிஞ்சிப் பிடித்திருக்கும். விரலால் பிய்த்தால் பாதம் கிழியும், கிழிந்த அனிமோன் உருகி மற்றவற்றையும் கொன்றுவிடும். கல்லோடு எடுக்க முடிந்தால் அப்படியே எடுங்கள். முடியாவிட்டால், பாதம் ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பின்பக்கம் கல்லில் ஐஸ் கட்டி ஒன்றைச் சிறு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துப் பிடியுங்கள். குளிர்ச்சி பிடிக்காமல் ஓரம் மெல்லத் தளரும். தளர்ந்த இடத்தில் நகத்தை விடாமல் விரல் சதையால் தள்ளித் தள்ளிப் பிரியுங்கள். அரை மணி ஆனாலும் ஆகட்டும். தனி டப்பாவில் வையுங்கள். புது வீட்டில் அது இரண்டு மூன்று நாள் இடம் தேடி அலையும், அந்த நாட்களில் வேவ்மேக்கர் வாயில் நுரைப்பஞ்சுக் கவசம் கட்டாயம்.

இரண்டாவது, ஜோயாந்தஸ் படர்ந்த கல். அது அழகுதான், ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கடையில் வாங்கியதில் எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வெந்நீர் பக்கம் கொண்டுபோகவே போகாதீர்கள். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வீட்டுத் தொட்டியின் பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்யப்போய்க் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. வீடு மாற்றும் நாளில் உதவிக்கு வரும் சித்தி, "கல்லெல்லாம் பாசி பிடிச்சிருக்கே, வெந்நீர்ல போட்டு எடுத்துடறேன்" என்று அன்போடு ஆரம்பிக்கக்கூடும். அந்த அறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

மீன் பிடிப்பதைக் கற்களையெல்லாம் எடுத்த பிறகு, நீர் ஒரு சாண் இருக்கும்போது செய்தால் துரத்த வேண்டியதில்லை. முந்தின நாள் தீனி வேண்டாம். வலைக்குப் பதில் டப்பாவால் ஒதுக்கிப் பிடியுங்கள், டேங் மீனின் வாலடி முள் வலையில் மாட்டும். கட்டிய பைகளில் இரவெல்லாம் வைக்காதீர்கள். மூடிய பையில் மூச்சுக் காற்றின் கரியமில வாயுவால் பி.எச். இறங்கி, அம்மோனியா கொஞ்சம் சாதுவாக இருக்கும். திறந்ததும் அந்த வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகும். அதனால்தான் நெடுந்தூரம் வந்த பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது சரியில்லை. உங்களுக்கு இரவு திறந்த டிரம், காலையில் பெட்டியில் சுமார் 20 கிலோமீட்டர், பாதி அதே நீர். சூட்டைச் சமப்படுத்தினால் போதும். க்ளௌன் ஜோடியைப் பற்றிக் கவலையே வேண்டாம். பண்ணையில் பிறந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் க்ளௌன் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியதிலிருந்து இந்த மீனுக்காகக் கடலைத் துழாவ வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. கடலையே பார்க்காத மீனுக்கு மடிப்பாக்கமும் சிறுசேரியும் ஒன்றுதான்.

டேங் மீன் கதை வேறு. அது ஓரடி வளரும், நாலடித் தொட்டி அதற்குப் போதாது. இந்தச் சாக்கில் ஆறடித் தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். "வீட்டில் மொத்தத்தையும் விற்கச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள், இதைக் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கும் பாதி மரியாதை செய்ததாகும்.

ராமேஸ்வரத்திலிருந்து "ஒரிஜினல் லைவ் ராக்" கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொன்னாராமே, புதுத் தொட்டியை அதைக்கொண்டு அழகுபடுத்தும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அந்தக் கல் என்பது கடினப் பவளத்தின் எலும்பு. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளத்தை வெட்டித் தள்ளிய பிறகு, 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. உங்களிடம் இருக்கும் செயற்கைக் கல்லும் மென்பவளங்களுமே போதும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் எந்த இடம் என்பதைக் கட்டுமான நிறுவனத்தின் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நீர், கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன். அது நிற்கும் இடம் முக்கால் சதுர மீட்டர். குடியிருப்பு அறைத் தளங்களுக்கு இந்தியத் தரக் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. அது அறை முழுவதற்குமான கணக்கு, கோட்டைத் தாண்டிய உடனே தளம் இடிந்துவிடாது. ஆனாலும் ஹால் நடுவில் அறைத் தடுப்பாக வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். சோபா எங்கே போடுவது என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம். சில்லர் கக்கும் சூட்டுக்கு வழி இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, இன்வெர்ட்டர் இணைப்பு அந்த பிளக்குக்கு வருகிறதா என்பதை எலக்ட்ரீஷியன் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

குடி புகுந்த முதல் வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட் போடுங்கள். தீனி கிள்ளிப் போட்டால் போதும். லைட்டை இரண்டு வாரம் பாதி அளவில் ஓட்டுங்கள், பழுப்புப் பாசி படர்ந்தால் தானாகப் போகும் என்று விடுங்கள். 60 லிட்டர் கடல்நீர் கலக்கி மூடித் தயாராக இருக்கட்டும். அந்த இரண்டு வாரமும் உங்களுக்கு வெளியூர் வேலை இருந்தால் தேதியைத் தள்ளி வையுங்கள், அதற்குள் ஆடி வந்துவிட்டாலும் பரவாயில்லை. மீனுக்கு ஆடி தெரியாது, அப்பா அம்மாவிடம் மட்டும் நீங்கள் பேசிக்கொள்ள வேண்டும்.

பழைய மணலையும் மிச்ச நீரையும் கோவளத்தில் கொட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூடாது. தொட்டியில் எங்கெங்கோ கடலிலிருந்து வந்த உயிர்கள் இருக்கின்றன. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி தப்பிப்போய்க் குருசடைத் தீவின் பவளங்களில் ஏறிய கதை நம் கடலிலேயே நடந்திருக்கிறது. மணலை மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்துக் கட்டட இடிபாடோடு அனுப்பிவிடுங்கள். நீரைப் பாத்ரூம் வழியே விடுங்கள். தென்னைக்கு உப்பு நல்லது என்று வீட்டுக்காரரின் மரத்தடியில் ஊற்ற நினைக்காதீர்கள். தென்னை தாங்கினாலும் பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலை தாங்காது, அட்வான்ஸ் பணமும் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்